சுடாத போர்டு

எங்கள் மடிக்கணினி சுடுகிறது என்று முதலில் சொன்னவர் வாடிக்கையாளர் இல்லை, ஷி லான்-யிங்தான். அதைச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். தைவானில், குயிஷானில் இருந்த ஷெங்-யா கம்பெனியில் சூடு தணிக்கும் பிரிவுக்கு அவர் தலைவி. விசிறி எங்கே, செம்புக் குழாய் எங்கே, காற்று எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. நான் அடுத்த அறையில், கணினி கண் விழித்ததும் முதலில் ஓடும் நிரலை எழுதிக்கொண்டிருந்தேன். எங்களில் பலரைவிட அவர் மூத்தவர். எல்லோருக்கும் அக்கா.

அந்த நாளில் எங்கள் கணினிகள் அத்தனைக்கும் மூளை ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. கேல்டன் என்ற அமெரிக்கக் கம்பெனி. முதலாளி கோ ஜின்-தே, விளையாட்டு மெஷின்களைப் பழுதுபார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், கேல்டன்காரர்கள்தான் அவரை நம்பி முதல் சரக்கை அனுப்பினார்கள். அதை அவர் மறக்கவில்லை. அவர் அறைச் சுவர் முழுக்க அவர்கள் கொடுத்த கண்ணாடிக் கேடயங்கள். ஆண்டுக்கொரு முறை அவற்றைத் தானே துடைப்பார், துப்புரவுப் பெண்ணைத் தொடவிட மாட்டார்.

கேல்டன் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வாக்குக் கொடுக்கும். அடுத்த சிப் இன்னும் சிறியது, இன்னும் குளிர்ச்சியானது என்று. அதை நம்பி நாங்கள் மெல்லிய பெட்டியாக வரைந்து வைப்போம். கடைசியில் வந்து சேர்வது பேசிய சிப்பாக இருக்காது. பெட்டியைத் தடிப்பாக்க நேரம் இருக்காது. அந்த மெல்லிய பெட்டிக்குள் அந்தக் கொதிக்கும் சிப்பைத் திணித்து மூட வேண்டிய பாடு அக்காவுடையது.

கேல்டனின் தைபே அலுவலகத்திலிருந்து மாதாமாதம் வருபவர் டெரிக் ஃபாங். வீட்டில் வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கும், யாருக்கும் தெரியாது. நல்ல மனிதர்தான். வரும்போதெல்லாம் எல்லோருக்கும் பால்தேநீர் வாங்கி வருவார்.

"அக்கா, அடுத்த ரிவிஷன்ல சரியாயிடும். நான் உறுதி தர்றேன்."

"போன வருஷமும் இதே சட்டையில, இதே நாற்காலியில உக்காந்து இதத்தானே சொன்னீங்க?"

"சட்டை புதுசுக்கா!"

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. சோதனை மேஜையில் ஓடிக்கொண்டிருந்த கணினியைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தை அவரிடம் நீட்டினார். "கையை வைங்க. எடுக்கக் கூடாது. நான் இந்தத் தேநீரைக் குடிச்சு முடிக்கற வரைக்கும்."

டெரிக் வைத்தார். அக்கா உறிஞ்சுக்குழலில் நிதானமாகக் குடித்தார். பாதிக்கோப்பைக்கு முன்பே டெரிக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இத மடியில வச்சுக்கிட்டுத்தான் ஜனங்க வேலை பாக்கறாங்க, டெரிக்."

அன்றே அவர் முதலாளியிடம் போனார். ஒரிவா என்று ஒரு சின்னக் கம்பெனி, கைப்பேசிகளுக்குச் சிப் செய்துவந்தது, இப்போது கணினிக்கும் செய்யத் தொடங்கியிருந்தது. அந்தச் சிப்பை வைத்து ஒரு மதர்போர்டு செய்து பார்க்கிறேன் என்றார். முதலாளி தேநீர்க் கெண்டியிலிருந்து சின்னக் கிண்ணங்களில் ஊற்றியபடி கேட்டுவிட்டுச் சொன்னார்: "செஞ்சு பாரு. ஆனா சத்தமில்லாம. கேல்டன்காரன் காதுல விழக் கூடாது."

சிப்பை மாற்றுவது பல்ப் மாற்றுவது போல இல்லை. போர்டை முதலிலிருந்து வரைய வேண்டும். என் நிரலை முழுக்கத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுத வேண்டும். திரைக்கு உயிர் வந்தால் விசைப்பலகை செத்துக் கிடக்கும், விசைப்பலகை பேசினால் ஒலி ஊமையாகிவிடும். எங்கள் குழுவில் நாலைந்து பேர். அன்றாட வேலையை முடித்துவிட்டு மீதிப் பொழுதில் இதைச் செய்தோம். ஓர் ஆண்டைத் தாண்டி இழுத்தது. கடைசியில் ஒரு பிற்பகல், எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்தது. எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. மதியச் சாப்பாடு முடித்து வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. விசிறியே கிடையாது. அக்கா குனிந்து, போர்டின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"ஆ-பின், இங்க வா. கேளு."

"ஒண்ணும் கேக்கலையேக்கா."

"அதத்தான் கேக்கச் சொன்னேன்."

முதலாளி வந்தார். உள்ளங்கையை வைத்தார், எடுக்காமல் நின்றார். வெகுநேரம் நின்றார். "நல்லாருக்கு" என்றார். பிறகு போர்டைத் துணியில் சுற்றித் தானே எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கேன்டீனில் மாட்டிறைச்சி நூடுல்ஸுக்கு இரண்டு முட்டை கூடுதலாகச் சொன்னோம்.

அடுத்த வாரம் எங்களை அறைக்கு அழைத்தார். கேல்டன் ஆட்களோடு மதிய விருந்து முடிந்து வந்திருந்தார், சோளச் சாராயத்தில் முகம் சிவந்திருந்தது.

"உங்க போர்டு எனக்கு என்ன வாங்கிக் குடுத்துச்சு தெரியுமா? மேஜை மேல வச்சேன், அவ்வளவுதான். வாயே தொறக்கல. அவங்களா விலையைக் கொறச்சாங்க. விளம்பரச் செலவையும் அவங்களே ஏத்துக்கறாங்களாம். சாவ்மா!" என்று செயலாளரைக் கூப்பிட்டார். "இவங்களுக்குத் தேநீர் ஊத்து. நல்ல இலை, மேல் தட்டுல இருக்கறது."

அக்கா கேட்டார்: "உற்பத்திக்கு எப்போ போகுதுங்க, முதலாளி?"

"எது?"

"அந்த போர்டு."

முதலாளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "லான்-யிங், வாசல்ல நாயைக் கட்டி வைக்கறது குரைக்கறதுக்கு. அவுத்து விடறதுக்கு இல்ல."

அக்கா சூடான கிண்ணத்தைக் குடிக்காமலே வைத்துவிட்டு வெளியே வந்தார். விலைக்குறைப்புக்குக் கேல்டன் வைத்த நிபந்தனை எங்களுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. அந்தக் குழு கலைய வேண்டும், அதைத் தொடங்கியவர் வடிவமைப்பில் இருக்கக் கூடாது. என்னைப் பழைய வேலைக்கே அனுப்பினார்கள். விருந்திலிருந்து திரும்பி வந்த போர்டை யாரும் தேடவில்லை, அக்கா அதைத் தன் லாக்கரில் வைத்துக்கொண்டார். அவரைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். கணினி உடையாமல் போய்ச் சேர அட்டைப்பெட்டிக்குள் நுரைமெத்தை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று பார்ப்பது இனி அவர் வேலை.

"வேற எடம் பாருங்கக்கா" என்றேன்.

"பாக்கறேன். மாமியாருக்கு டயாலிசிஸ் இங்கதான் நடக்குது. எங்க போறது சொல்லு."

அதற்கு அடுத்த கோடையில்தான் காவ்ஷியுங்கிலிருந்து அந்த அழைப்பு வந்தது.

பெங் யா-தின் என்ற பெண். ஸ்கூட்டர் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவள். வீட்டிலிருந்தபடி ஜப்பானிய நாடகங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரிகளை எழுதிக் கொடுத்துவந்தாள். எங்கள் கணினியை மடியில் வைத்துக்கொண்டுதான் வேலை. ஒருநாள் அவசரமாக முடிக்க வேண்டிய வேலை, மடியிலிருந்து இறக்காமல் செய்திருக்கிறாள். இரண்டு தொடையும் வெந்து போயின.

வாடிக்கையாளர் பிரிவின் மேலாளர், கூட ஒரு பெண் வந்தால் நல்லது என்று ஆள் தேடினார். அக்கா தானாகப் போனார். கணினிக்குள் பதிவான சூட்டைப் படிக்க என்னை அனுப்பினார்கள். ஆப்பிள் கூடையும் அன்னாசிக் கேக்கும் வாங்கிக்கொண்டு ரயிலில் போனோம்.

யா-தினின் அம்மா, பெங் அம்மா, எங்களைக் கோபிக்கவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மருத்துவமனையில் தோல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். யா-தின் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டார்.

"எனக்கு வலிக்கலக்கா. வலிச்சிருந்தாத்தான் எடுத்திருப்பேனே. ஒரு வாசனை வந்துச்சு. பக்கத்து வீட்ல என்னமோ வறுக்கறாங்கன்னு நெனச்சேன். பசிக்கக்கூட செஞ்சுது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அப்புறம் பாத்தா நான்தான்."

நான் கணினியைத் திறந்து பார்த்தேன். கோளாறு எதுவும் இல்லை. எங்கள் அளவுகோலின்படி அது சரியாகத்தான் ஓடியிருந்தது.

கிளம்பும்போது பெங் அம்மா லிஃப்ட் வரை வந்து, குனிந்து நன்றி சொன்னார். இவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்றார். அக்கா தலை நிமிரவில்லை.

மறுநாள் யா-தினின் காயங்களை எடுத்த படங்களை முதலாளியின் மேஜையில் வைத்தார். கோ ஜின்-தே கல்நெஞ்சக்காரர் இல்லை. இரண்டாவது படத்தைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிச் செலவு பூரா நாமதான். மேற்கொண்டும் குடுப்போம். வெளிய பேச மாட்டோம்னு மட்டும் கையெழுத்து வேணும்."

"போர்டு தயாரா இருக்கு, முதலாளி. அடுத்த மாடல்லயாவது..."

"கேல்டனோட ஒப்பந்தம் இருக்கு."

"இன்னொருத்தருக்கு இதே மாதிரி ஆனா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, "மெஷினுக்கு அடியில ஸ்டிக்கர் ஒட்டுவோம். மடியில வைக்காதீங்கன்னு" என்றார். அந்த ஸ்டிக்கர் பெட்டி கட்டும் பிரிவில் ஒட்டப்பட்டது. அக்காவின் ஆட்கள்தான் ஒட்டினார்கள்.

இதற்குப் பிறகு கேல்டனை விட்டோம். எதற்காக விட்டோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தைபேயில் ஆண்டுதோறும் நடக்கும் கணினிக் கண்காட்சிக்கு அந்த முறை கேல்டனின் அமெரிக்கத் துணைத் தலைவர் வந்தார். மேடையில் அவர் எங்கள் புதுக் கணினியைத் தூக்கிக் காட்டுவார் என்று டெரிக் உறுதி சொல்லியிருந்தார். முதலாளி சாங்ஹுவாவிலிருந்து தன் அப்பாவை வரவழைத்தார். நெல் வயலில் காலம் கழித்த கிழவர், புதுக் கோட்டு சூட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாலை விருந்துக்கு ஊர் ஆட்களையெல்லாம் அழைத்திருந்தார்கள்.

நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒரு பெண் வந்து, இந்த இருக்கைகள் வேறு விருந்தினருக்கு, மன்னிக்க வேண்டும், பின்னால் வாருங்கள் என்றாள். எங்களைவிடப் பெரிய கம்பெனியின் தலைவர் மனைவியோடு வந்திருந்தார். முதலாளியையும் அப்பாவையும் கேமரா மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள். துணைத் தலைவர் மேடை ஏறினார். "எங்கள் நெஞ்சுக்கு மிக நெருங்கிய கூட்டாளி" என்று சொல்லி ஒரு கணினியைத் தூக்கிக் காட்டினார். எங்களுடையது இல்லை. முன் வரிசைக்காரருடையது. கைதட்டல் அடங்கியபோது, காது மந்தமான அந்தக் கிழவர், வயலில் கூப்பிடும் குரலில் கேட்டார்:

"ஆ-தே! நம்ம பொட்டி எப்படா வரும்?"

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள்.

"வரும்ப்பா" என்றார் முதலாளி.

நான் இரண்டு இருக்கை தள்ளி இருந்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது சுவரில் கேடயம் ஒன்றுகூட இல்லை. "லான்-யிங்கக் கூப்பிடு" என்றார். அக்கா வந்தார், சட்டைக் கையில் நுரைத் துகள் ஒட்டியிருந்தது.

"அந்த போர்டு எங்க?"

"என் லாக்கர்ல."

"எல்லா மாடலும் ஒரிவாவுக்கு மாறணும். சந்திரப் புத்தாண்டுக்குள்ள. உனக்கு எத்தன பேர் வேணும்?"

நான் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"முதலாளி, ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பொண்ணோட கால் வெந்தப்ப ஒப்பந்தம் இருந்துச்சே."

"ஒப்பந்தத்த உடைச்சா என்ன ஆகும்னு அப்ப கணக்குப் போட்டேன். இப்ப போடல." குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பாவ எழுப்பிப் பின்னாடி உக்கார வச்சாங்க, லான்-யிங்."

அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "செய்யப் போறீங்களாக்கா? இதுக்காகவா?"

"காரணத்த யாரு மடியில வச்சுக்கப் போறாங்க? பொட்டி சுடக் கூடாது. அவ்வளவுதான்."

செய்தார். சந்திரப் புத்தாண்டுக்குள் இல்லை, கொஞ்சம் தள்ளித்தான், ஆனால் செய்தார். வெளியீட்டு விழாவில் முதலாளி பேசினார்: "வாடிக்கையாளர் நலனை மட்டுமே எண்ணி, துணிந்து இந்த முடிவை எடுத்தோம்." பத்திரிகைகள் அதை அப்படியே போட்டன. ஒரு வணிக இதழ் அவரை அட்டைப்படமாக்கியது. ஒவ்வொரு சொல்லும் அச்சில் நன்றாகத்தான் இருந்தது.

முதல் உற்பத்தியிலிருந்து ஒரு கணினியை அக்கா தன் கைக்காசில் வாங்கினார். யாரையும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு காவ்ஷியுங் போனார்.

யா-தின் இப்போது சக்கர நாற்காலியில், ஒரு பலகைக்கு முன்னால் வேலை செய்துகொண்டிருந்தாள். மருத்துவமனையில் கிடந்த நாட்களில் வழக்கமாக வேலை தந்த இடங்கள் கைவிட்டுப் போய், இப்போது துண்டு வேலைகள்தான். எங்களைப் பார்த்து மகிழ்ந்தாள். பெங் அம்மா எங்களுக்குக் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் தூவுவதற்கு உப்பு-பிளம் பொடி. யா-தின் புதுக் கணினியை முடுக்கிவிட்டுச் சில நிமிடம் தட்டினாள், பிறகு தூக்கி அடிப்பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"ஐய்யோ, சில்லுனு இருக்கு! சத்தமே இல்லையேக்கா."

"விசிறி கெடையாது."

"சூப்பர். இத எப்போ கண்டுபிடிச்சீங்க?"

சும்மா கேட்ட கேள்வி. "இந்த வருஷம்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அக்கா அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"உனக்குக் காயம் படறதுக்கு முன்னாடியே" என்றார் அக்கா.

கொய்யா நறுக்கிய கத்தி நின்றது.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். போர்டு, விலைக்குறைப்பு, லாக்கர். எதையும் பூசி மெழுகவில்லை, தன்னைக் காப்பாற்றியும் பேசவில்லை. யா-தின் கணினியை மெதுவாக மூடி, பலகையின் ஓரத்துக்குத் தள்ளினாள். பேசியது அம்மாதான்.

"அன்னிக்கு ஆப்பிள் கூடையோட வந்தீங்களே. அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் உங்களுக்கு நன்றி சொன்னேன். லிஃப்ட் வரைக்கும் வந்து, குனிஞ்சு, நன்றி சொன்னேன்." குரல் உயரவே இல்லை. "இத எடுத்துட்டுப் போங்க. கொய்யாவையும் தொடாதீங்க."

பெங் குடும்பம் வழக்குப் போட்டது. செய்தி இரண்டொரு நாள் ஓடியது, பிறகு ஒரு புயல் வந்து அதை அடித்துக்கொண்டு போனது. கம்பெனி வழக்கறிஞர்கள் பேசி முடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த விவரம் எப்படி வெளியே போனது என்று முதலாளி கூட்டம் போட்டுக் கேட்டார். அக்கா கை தூக்கினார்.

"நான்தான் சொன்னேன்."

முதலாளிக்குக் கோபத்தைவிட வலிதான் அதிகம் தெரிந்தது. "உன் போர்டத்தானே இப்ப நாடு பூரா விக்கறேன்? ஒனக்கு என்ன கொற வச்சேன்?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"பின்ன ஏன்?"

"அவ கேட்டா."

அன்று மாலைக்குள் அவர் மேஜை காலியானது. துறையில் வேறு எந்தக் கணினிக் கம்பெனியும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. வாடிக்கையாளரிடம் உண்மை பேசுகிற பொறியாளர் யாருக்கு வேண்டும்? கண்காட்சியில் நடந்ததற்கெல்லாம் டெரிக் ஃபாங்கைப் பலியாக்கிக் கேல்டன் வெளியே அனுப்பியது. அவர் ஒரு மாதம்கூடச் சும்மா இருக்கவில்லை. இப்போது ஒரிவாவின் ஆளாக எங்களிடம் வருகிறார், பால்தேநீரோடு. ஒரிவா பெரிதாகிவிட்டது. போன காலாண்டில் எங்களுக்குப் பேசிய சரக்கில் பாதியை வேறொருவருக்குத் திருப்பிவிட்டார்கள். முதலாளி சுவரில் ஒரிவாவின் கேடயங்கள் சேரத் தொடங்கியிருக்கின்றன.

மாமியார் இறந்த பிறகு அக்கா தாய்நானுக்குப் போய்விட்டார். அங்கே மின்சாரச் சோற்றுப்பானை செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. சென்ற மாதம் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"எப்படிக்கா இருக்கு அங்க?"

"இங்க சூடா இருந்தாத்தான் சம்பளம், ஆ-பின்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். யா-தின் எப்படி இருக்கிறாள் என்று தெரியுமா என்று கேட்டேன். ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாராம். அம்மா எடுத்தாராம். பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டாராம்.

"மறுபடி கூப்பிடலையா?"

"எதுக்கு? நான் நல்லாருக்கேன்னு சொல்றதுக்கா?"

பானைகளைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.